நான்கு பெட்டிகளுக்கும் ஒரே எண்ணெயா? பழைய ஜிப்ஸி கிங் வாங்கியவருக்கு ஒரு பதில்

ஏலத்தில் எடுத்த பழைய ஜிப்ஸி கிங்குக்கு, மாருதியின் நான்கு சக்கர இழுப்பு வண்டிக்கு, கியர் ஆயில் மாற்றப் போகிறீர்கள். கடைக்காரர் 85டபிள்யூ-140 (கெட்டித்தன்மையின் எண்), ஜிஎல்-5 (தரக் குறி) என்று அச்சிட்ட பெரிய டப்பா ஒன்றைக் கொடுத்து, எல்லாப் பெட்டியிலும் இதையே ஊற்றுங்கள் என்கிறார். ஊற்றலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே நான்கு குறைகளையும் எழுதியிருக்கிறீர்கள். கொடைக்கானல் குளிரில் காலையில் இரண்டாவது கியர் கரகரத்துக்கொண்டு விழுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் ஊளைச் சத்தம் கேட்கிறது. ஒரு முன்சக்கரத்தின் உட்புறம் எப்போதும் எண்ணெய் ஈரமாக இருக்கிறது. தார்ச்சாலையில் ஃபோர் வீலில் போட்டுப் பார்த்தபோது லீவர் திரும்ப வர மறுத்தது. ஆக, நீங்கள் முக்கியமாகக் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். எந்தப் பெட்டிக்கு எந்த எண்ணெய் என்பது ஒன்று; இந்தக் குறைகளில் எது எண்ணெயால் தீரும், எது தீராது என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெயை கியர் பாக்ஸிலும், விசையை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஊற்றாதீர்கள். ஆக்சில்களின் நடுவில் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரண்டு டிஃபரன்ஷியல்களிலும் ஊற்றினால் பல் உடைந்துவிடாது. ஆனால் உங்கள் வண்டிக்கும் உங்கள் ஊருக்கும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 பொருத்தமானது. மோட்டார் மெக்கானிக் தொழில் படித்து, மலையடிவாரத்தில் எஸ்டேட் ஜீப்புகளுக்கும் ஜிப்ஸிகளுக்கும் கீழே படுத்தே பல ஆண்டுகள் கழித்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எண்ணெயின் வேதியியலை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவன் அல்ல. உங்கள் வண்டியை நேரில் பார்க்கவும் இல்லை. எனவே உறுதியாகத் தெரிந்தது எது, என் கணிப்பு எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

ஜிப்ஸியின் அடியில் எண்ணெய் நிற்கும் பெட்டிகள் நான்கு: எஞ்சினோடு ஒட்டிய கியர் பாக்ஸ், அதிலிருந்து தனியாக ஒரு குட்டை ஷாஃப்டால் இணைக்கப்பட்டு ரப்பர் தாங்கிகளில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். வெளிநாடுகளில் சாமுராய் என்ற பெயரில் விற்ற இதே குடும்பத்து சுசூகி வண்டிக்கு கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8 லிட்டர், முன் ஹவுசிங் (டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கும் ஆக்சில் கூடு) 2 லிட்டர், பின் ஹவுசிங் 1.5 லிட்டர் என்பது கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு கையில் இருந்தால் அதில் உள்ள அளவையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாங்கும் அளவைத் தீர்மானிக்க இது போதும். மூன்று லிட்டர் ஜிஎல்-4, நான்கு லிட்டர் ஜிஎல்-5 வாங்கினால் நான்கும் நிரம்பி, பிறகு குறைந்தால் ஊற்றவும் கொஞ்சம் மிஞ்சும். இந்த நான்கு பெட்டிகளிலும் நடக்கும் வேலை ஒன்றல்ல. எண்ணெயும் ஒன்றாக இருக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

டிஃபரன்ஷியலை முதலில் பாருங்கள். அதற்குள் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் இருக்கின்றன. பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்கு நேராக வராமல் சற்று கீழே தள்ளி அமைந்திருக்கும். இந்த அமைப்புக்கு ஹைப்பாய்டு என்று பெயர். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் இது வந்தபோது, விசையைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, காரின் தளத்தையும் தாழ்வாக அமைக்க முடிந்தது. பற்கள் நீளமாகத் தொடுவதால் பலமும் சத்தமின்மையும் கிடைத்தன. ஆனால் பல்லின் மேல் பல் உருளுவதோடு, அழுத்திக்கொண்டே நீளவாக்கில் தேய்த்தபடி வழுக்கவும் செய்கிறது. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மிகை அழுத்தச் சேர்மானங்களை எண்ணெயில் கலக்கிறார்கள். பற்கள் உரசிச் சூடாகும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய பூச்சாகின்றன; உலோகத்தோடு உலோகம் பற்றிக்கொள்ளாமல் அந்தப் பூச்சு தடுக்கிறது. ஜிஎல்-5 என்பது இந்தச் சேர்மானம் நிறைந்த எண்ணெய். ஜிஎல்-4இல் ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கும். எனவே ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5தான். அங்கே ஜிஎல்-4 ஊற்றிச் சிக்கனம் பார்க்கக் கூடாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

கியர் பாக்ஸின் கதை வேறு. அங்கே பற்கள் பெரும்பாலும் உருண்டே போகின்றன. அந்த அளவு வழுக்கல் இல்லை. ஆனால் இரும்பு அல்லாத ஒரு பொருள் உள்ளே இருக்கிறது: சின்க்ரோ வளையங்கள். பித்தளையில் செய்த அந்த வளையங்கள், நீங்கள் கியரை மாற்றும்போது சுழலும் கியரின் கூம்பு முகத்தில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிய பிறகே உள்ளே விடுகின்றன. எண்ணெயிடம் அங்கே நாம் எதிர்பார்ப்பது முரணான இரண்டு குணங்களை: பற்களுக்கு வழுக்கல் வேண்டும், வளையத்துக்கு உரசல் வேண்டும். எண்ணெய் மிகவும் கெட்டியாக இருந்தால் வளையத்துக்கும் கூம்புக்கும் இடையில் உள்ள படலம் சட்டென்று பிதுங்கி வெளியேறாது. வளையம் பிடிப்பதற்குள் நீங்கள் லீவரைத் தள்ளிவிடுவீர்கள். கரகரவென்ற சத்தம் அதுதான். குளிரில் அதிகமாகவும் வண்டி சூடானபின் குறைவாகவும் கேட்டால் சந்தேகம் எண்ணெயின் மேல் விழுவது நியாயம்.

ஜிஎல்-5இல் உள்ள கந்தகம் பித்தளையைத் தின்றுவிடும் என்று பலரும் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் எது உறுதி, எது அரைகுறை என்று பிரிக்க வேண்டும். சூட்டில் வினைபுரியும் கந்தகம் செம்பையும் செம்பு கலந்த உலோகங்களையும் கறுக்கச் செய்து அரிக்கும் என்பது உறுதி. அதை அளப்பதற்கென்றே, பளபளப்பாகத் தேய்த்த செம்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் மூழ்கவைத்து, எவ்வளவு கறுக்கிறது என்று தரம் பிரிக்கும் சோதனை பல காலமாக இருக்கிறது. ஜிஎல்-5இன் கூடுதல் சேர்மானம் சின்க்ரோ வளையத்தின் உரசலைக் கெடுக்கக்கூடும் என்பதும் நடைமுறையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஆனால் ஒரு முறை ஜிஎல்-5 ஊற்றிவிட்டால் வளையங்கள் கரைந்தே போய்விடும் என்பது மிகைப்படுத்தல். இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவற்றில் செம்பைக் காக்கும் சேர்மானங்களும் உண்டு. தவறான எண்ணெயோடு பல ஆண்டுகள் ஓடியும் உயிரோடிருக்கும் கியர் பாக்ஸ்களும் உண்டு. எந்தத் தயாரிப்பு எவ்வளவு அரிக்கும் என்பதை டப்பாவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் இப்படித்தான் முடிவெடுக்கிறேன்: சரியான எண்ணெய் கடையில் கிடைக்கும்போது, தவறானது எவ்வளவு கெடுக்கும் என்று நம் கியர் பாக்ஸில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஜிஎல்-4/ஜிஎல்-5 என்று இரண்டையும் ஒரே டப்பாவில் அச்சிட்ட எண்ணெய்களும் வரும். ஜிஎல்-5இன் சுமைச் சோதனையைத் தாண்டியது ஜிஎல்-4இன் சுமையையும் தாங்கும் என்ற பொருளில்தான் பெரும்பாலும் அப்படி எழுதுகிறார்கள். சேர்மானத்தின் அளவு ஜிஎல்-5 அளவாகவே இருக்கும். சின்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தெளிவாக எழுதியிருந்தால் தவிர, அதை கியர் பாக்ஸில் நான் ஊற்றுவதில்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் ஆயில் டப்பாவில் உள்ள அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் வட்ட முத்திரைக்கு உரிமம் வாங்க வேண்டும். கியர் ஆயிலுக்கு அந்த உரிம முறை இல்லை. ஜிஎல் என்ற குறி தயாரிப்பாளர் தானே சொல்லும் வாக்குறுதி மட்டுமே. அதனால் கியர் ஆயிலில் பெயர் தெரிந்த நிறுவனத்தின் மூடி திறக்காத டப்பாவை வாங்குங்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

அடுத்தது எண்கள். கியர் ஆயிலின் 90 என்ற எண்ணைப் பார்த்து, எஞ்சின் ஆயில் 40ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் கியர் ஆயில் 90இன் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. எஞ்சின் ஆயில் 40க்கு 12.5 முதல் 16.3 வரை. ஆக இரண்டும் ஏறக்குறைய அண்ணன் தம்பிகள். கியர் ஆயில் 140தான் உண்மையிலேயே கெட்டி: 24 முதல் 32.5 வரை. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்வது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரியிலும், 85டபிள்யூ மைனஸ் 12 டிகிரியிலும் ஒரே வரம்புக்குள் நிற்க வேண்டும். கொடைக்கானலில் அந்தக் குளிர் வராது. எனவே பாதுகாப்பைப் பொறுத்தவரை 80டபிள்யூ உங்களுக்குத் தாராளம். ஆனால் காலையில் இரண்டாவது கியர் விழும் விதத்தில் 75டபிள்யூ-90க்கும் 80டபிள்யூ-90க்கும் இடையே வித்தியாசம் தெரியும். கியர் பாக்ஸுக்கு மட்டும் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கிடைத்தால், விலை கூடுதலானாலும் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 80டபிள்யூ-90 ஜிஎல்-4 போதும்.

உங்கள் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். 85டபிள்யூ-140 அவர் கண்டுபிடித்த எண்ணெய் அல்ல. முழுச் சுமையோடு சமவெளி வெயிலில் நாளெல்லாம் ஓடும் லாரிகளின் பின் ஹவுசிங்குக்கு அதுவே சரி. பல லாரிகளின் கையேட்டிலேயே அது இருக்கிறது. அவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் லாரிக்காரர்கள். ஆனால் 140க்கு இன்னொரு பயன்பாடும் உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டியை விற்பவர்களில் சிலர், ஊளையிடும் ஹவுசிங்கின் சத்தத்தையும் கசியும் சீலின் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தின்) ஒழுக்கையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்க இதை ஊற்றுவார்கள். நீங்கள் இறக்கப்போகும் பழைய எண்ணெய் அசாதாரணக் கெட்டியாக, மெதுவாக வழிந்தால் அந்தச் சாத்தியத்தை மனத்தில் வையுங்கள். சரியான எண்ணெய் ஊற்றியபின் சத்தம் கூடினால், புதிய எண்ணெய் எதையும் கெடுத்துவிடவில்லை; மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பலர் மறந்தே போகிறார்கள். ஃபோர் வீல் போடும்போது மட்டும் வேலை செய்யும் பெட்டி அது என்று நினைக்கிறார்கள். ஜிப்ஸியில் அப்படி இல்லை. இந்தச் சுசூகி டிரான்ஸ்ஃபர் கேஸில், சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சின் விகிதமே நேரடியாக 1 அல்ல, 1.409; அதாவது சாதாரணச் சாலையில் இரு சக்கர இழுப்பில் போகும்போதும் எஞ்சினின் முழு விசையும் இந்தப் பெட்டியின் பற்களின் வழியாகத்தான் பின் ஆக்சிலுக்குப் போகிறது. மெதுவாக, அதிக இழுவிசையோடு போவதற்கான லோ ரேஞ்சில் விகிதம் 2.268. ஓயாமல் வேலை, உள்ளே இருப்பதோ ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். கால் லிட்டர் கசிந்தாலும் அதற்குப் பெரிய இழப்பு. அடியில் ஈரம் தெரியும் ஜிப்ஸியில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பெட்டியின் மட்டத்தைத்தான். கியர் பாக்ஸுக்கு வாங்கிய அதே ஜிஎல்-4 எண்ணெய் இதற்கும் ஏற்றது.

இதே பதிலை மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த சிஜே3பி போன்ற வண்டிகளில் டி-90 கியர் பாக்ஸும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றோடொன்று ஒட்டியவை. இடையில் எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். ஒன்றின் மட்டம் குறைந்து மற்றொன்று வழிந்தால் பதற வேண்டாம். ஆனால் இரண்டிலும் ஒரே எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் சின்க்ரோவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வண்டிகளில் இன்னும் குழப்பம். 1990களின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் வந்த ஐந்து கியர் மேனுவல் பெட்டிக்குக் கெட்டியான கியர் ஆயிலே ஆகாது, ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு எண்ணெய்தான். லேண்ட் ரோவரின் எல்டி77 கியர் பாக்ஸும் அப்படியே. எனவே ஜிப்ஸிக்கு நான் எழுதியதை வேறு வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி இறக்கும் வேலை. வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெய் சூடாக இருக்கும்போது சமதளத்தில் நிறுத்துங்கள். ஜிப்ஸி உயரமான வண்டி; ஜாக்கி இல்லாமலே பெரும்பாலான வேலை முடியும். உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாமல் ஸ்டாண்டு வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். பிறகு எந்தப் பெட்டியானாலும் முதலில் கழற்ற வேண்டியது மேலே இருக்கும் நிரப்பும் பிளக்கைத்தான். இறக்கும் பிளக்கில் அதுவரை கை வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஏலத்தில் வரும் வண்டிகளில் அந்த மேல் பிளக் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழ் பிளக்கைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் இறக்கிய பிறகு மேல் பிளக் அசைய மறுத்தால், எண்ணெய் இல்லாத வண்டி வீட்டு வாசலில் நகர முடியாமல் நிற்கும். முதல் நாளே துரு இளக்கும் திரவம் தெளித்து ஊறவிடுங்கள். பிளக்கின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் கருவியையே பயன்படுத்துங்கள். கொஞ்சம் ஆடும் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் தலையின் முனைகள் மழுங்கி, பிறகு வெல்டிங் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

இறங்கும் எண்ணெயைச் சுத்தமான வெளிர்நிறத் தட்டுகளில், நான்கையும் நான்காகப் பிடியுங்கள், எந்தப் பெட்டியினுடையது என்று எழுதி வையுங்கள். புது எண்ணெய் எது என்ற கேள்விக்கு நீங்கள் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்தப் பழைய எண்ணெயைப் படிப்பதற்குக் கொடுங்கள். வண்டியின் கடந்தகாலம் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் நேர்மையான சாட்சி அது ஒன்றுதான். கறுப்பாக இருப்பது பெரிய குறையல்ல, பழசு, அவ்வளவே. பிளக்கில் காந்தம் இருந்து, அதில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். நகத்தில் நெருடும் செதில்கள், ஊசி போன்ற சீவல்கள், பல்லின் துண்டு என்று அடையாளம் காணக்கூடிய எதுவும் இயல்பல்ல. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நெடுந்தூரம் போகாதீர்கள். கியர் பாக்ஸ் எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பொன்னிற மினுமினுப்பு மிதந்தால் அது சின்க்ரோ வளையத்தின் பித்தளை. கொஞ்சம் இருப்பது வயதின் அடையாளம். தட்டு முழுவதும் மின்னினால் வளையங்களின் ஆயுள் முடிவை நெருங்குகிறது. எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கந்தக நெடியைப் பார்த்து எண்ணெய் கருகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், ஜிஎல்-5 புதிதாக இருக்கும்போதே அப்படித்தான் மணக்கும்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்சில் ஹவுசிங்கின் மேல் சிறிய மூச்சுத் துளை ஒன்று உண்டு; பிரீதர் என்பார்கள். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும்போது வெளியேறவும், குளிரும்போது உள்ளே வரவும் அதுதான் வழி. அது சேற்றால் அடைபட்டால், விரியும் காற்று ஆயில் சீலின் வழியாக எண்ணெயைத் தள்ளும். அதைவிட மோசமானது, மலையேறிச் சூடான ஆக்சிலோடு குளிர்ந்த ஓடையில் வண்டியை இறக்குவது. உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சீல் கசிகிறது என்று வரும் வண்டிகளில் சீலை மாற்றுமுன் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, காற்று ஊதிப் பாருங்கள். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் போட்ட புது சீலும் சில மாதங்களில் கசியும். ஓடை கடக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுவது நல்ல முதலீடு.

பழைய எண்ணெயை இறக்கியபின் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, எஞ்சினை ஓட்டிக் கழுவும் வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. பேரிங்குகளும் பற்களும் அந்தச் சில நிமிடங்கள் கிட்டத்தட்ட எண்ணெய் இல்லாமலே சுழல்கின்றன. உள்ளே தங்கும் மீதி டீசல் புது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். கழுவித்தான் ஆக வேண்டும் என்ற நிலை, குறிப்பாகத் தண்ணீர் கலந்திருந்தால், அதே தரத்தில் விலை குறைந்த எண்ணெய் ஒன்றை ஊற்றி, மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு இறக்கிவிடுங்கள். வரலாறு தெரியாத வண்டி என்பதால் உங்களுக்கு நான் சொல்வது: இப்போது நான்கையும் மாற்றுங்கள், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி ஒரு முறை மாற்றுங்கள். இரண்டாவது முறை இறங்கும் எண்ணெய் உங்கள் ஓட்டத்தில் உண்டானது மட்டுமே. அதில் தெரியும் உலோகத்துக்கு முந்தைய உடைமையாளரைக் காரணம் காட்ட முடியாது.

நிரப்பும்போது, பக்கவாட்டிலுள்ள நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும்; சுண்டுவிரலை நுழைத்து வளைத்தால் தொட வேண்டும். சாய்ந்த தரையில் இந்த மட்டம் பொய் சொல்லும். கைப் பம்பு வைத்து மெதுவாக ஏற்றி, வழியத் தொடங்கியதும் சொட்டு நிற்கும் வரை காத்திருந்து பிளக்கை மூடுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே என்று வண்டியைச் சாய்த்து ஊற்றாதீர்கள். கூடுதல் எண்ணெய் கடைந்து நுரைக்கும், சூடாகும், கடைசியில் சீல் வழியாகப் பிரேக் டிரம்முக்குள் போகும். முன் சக்கரங்களில், சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து பிரிக்கவும் பூட்டவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப் இருந்து, அது எப்போதும் விடுபட்ட நிலையிலேயே இருந்தால், முன் டிஃபரன்ஷியலின் பற்கள் சுழலாமல் மாதக்கணக்கில் நிற்கும். மேல் பாகம் காய்ந்து துரு ஏறும். மாதம் ஒரு முறையாவது மண் சாலையில் ஹப்பைப் பூட்டிச் சிறிது தூரம் ஓட்டுங்கள்.

இனி உங்கள் குறைகளுக்கு வருகிறேன். இரண்டாவது கியரின் கரகரப்பு எண்ணெயால் குறைய நல்ல வாய்ப்பிருக்கிறது. குளிரில் மட்டும் அதிகமாக இருப்பது அதற்குச் சாதகமான அறிகுறி. ஆனால் அதற்குமுன் கிளட்ச் முழுவதும் விடுகிறதா என்று பாருங்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதித்து, சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. பொறுத்தும் கரகரத்தால் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஜிப்ஸியில் கிளட்ச் கேபிள் வகை என்பதால் கேபிளின் தளர்வைச் சரிசெய்வதே முதல் வைத்தியம். ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்து, இரண்டாவது கியர் மட்டும், வண்டி நன்றாகச் சூடான பிறகும் கரகரத்தால் வளையம் தேய்ந்துவிட்டது. எந்த எண்ணெயும் அதை வளர்த்துக் கொடுக்காது.

பின்னால் கேட்கும் ஊளை எண்ணெய் மாற்றினால் போகும் என்று நான் நம்பவில்லை. மட்டம் குறைந்திருந்தால் நிரப்பியபின் கொஞ்சம் தணியலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதியிலும் விடும்போது வேறு சுருதியிலும் கேட்டால் கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் மாறியிருக்கிறது, அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரால் மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடும் இரைச்சல் என்றால் சக்கர பேரிங்கையோ டயரையோ பாருங்கள். ஜீப் டயர்களின் பெரிய பட்டன்கள் இதே போன்ற சத்தம் எழுப்பும். காதால் கேட்காமல் இதற்கு மேல் சொல்வது ஊகமாகிவிடும். ஒன்று மட்டும் சொல்வேன், பினியன் முனையில் உள்ள ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைவு தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து அளக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

முன்சக்கரத்தின் ஈரம் எந்த எண்ணெயைப் போட்டாலும் நிற்காது. ஜிப்ஸியின் முன் ஆக்சிலின் இரு முனைகளிலும், சக்கரம் திரும்பும் உருண்டை நக்கிளுக்குள், ஷாஃப்டின் மூட்டு கிரீஸில் புதைந்திருக்கிறது. டிஃபரன்ஷியலின் எண்ணெயை நக்கிளுக்குள் வராமல் தடுப்பது ஆக்சில் குழாயின் முனையில் உள்ள ஓர் உள் சீல். அது போனால் கியர் ஆயில் நக்கிளுக்குள் வழிந்து, கிரீஸைக் கரைத்துக் கறுப்புக் கூழாக்கி, வெளி சீல் வழியாகச் சொட்டும். பலர் வெளி சீலை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஈரம் என்பார்கள். வெளிவருவது கூழாக, கியர் ஆயில் நெடியோடு இருந்தால் உள் சீலைத்தான் மாற்ற வேண்டும். நக்கிளை முழுவதும் பிரித்து, மூட்டைக் கழுவி, மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ் புதிதாக அடைக்க வேண்டும். நக்கிள் திரும்புவதற்கான கிங்பின் பேரிங்குகளை அப்போதே பார்த்துவிடலாம். இது ஒரு நாள் வேலை, உங்கள் நான்கு குறைகளில் நான் முதலில் கவனிக்கச் சொல்வது இதைத்தான். முன் ஹவுசிங் சத்தமின்றி வற்றிக்கொண்டிருக்கிறது, எண்ணெய் பிரேக்குக்குப் போகும் தூரமும் அதிகமில்லை.

லீவர் திரும்பாதது எண்ணெய்ப் பிரச்சினையே இல்லை. ஜிப்ஸியில் முன், பின் ஆக்சில்களுக்கு இடையே மைய டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்வதால் முறுக்கம் முழுவதும் ஷாஃப்டுகளிலும் பற்களிலும் ஏறி, லீவரைப் பூட்டிவிடும். அப்போது லீவரை வலுவாக இழுக்காமல், சில மீட்டர் நேராகப் பின்னோக்கி எடுங்கள், தானாக விடுபடும். ஃபோர் வீலைச் சோதிக்க ஈர மண்ணையோ மணலையோ தேடிப் போங்கள்.

சிந்தெடிக் எண்ணெய் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குளிரில் இளகியிருப்பதும் சூட்டில் தாக்குப்பிடிப்பதும் அதன் உண்மையான நன்மைகள். பழைய சீல்களை அது கசியவைக்கும் என்பதில் மெக்கானிக்குகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. இறுகிய சீலின் ஓரத்தில் அடைத்திருந்த அழுக்கை அது கழுவும்போது ஏற்கெனவே இருந்த கசிவு தெரிய வருகிறது என்பது என் எண்ணம். கியர் பாக்ஸுக்கு மட்டும் சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 நியாயமான செலவு. ஹவுசிங்குகளுக்குச் சாதாரண மினரல் எண்ணெயைப் போட்டு, அடிக்கடி மாற்றுவதையே நான் விரும்புகிறேன். கையேட்டில் உள்ள கிலோமீட்டர் இடைவெளி நல்ல சாலைக்கானது. எஸ்டேட் பாதையில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மாற்றிவிடுங்கள். நடுவில் ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் இறங்க நேர்ந்தால், மறுநாள் காலை வண்டியை அசைக்குமுன் ஒவ்வொரு ஹவுசிங்கின் இறக்கும் பிளக்கையும் மெல்லத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது; இரவெல்லாம் அடியில் தங்கியிருந்தால் முதலில் சொட்டுவது அதுவாகத்தான் இருக்கும். தெளிந்த எண்ணெய் வந்தால் உடனே இறுக்கிவிடலாம். தண்ணீரோ, வெளுத்த எண்ணெயோ வந்தால் அன்றே முழுவதையும் மாற்றுங்கள். இறக்கிய பழைய எண்ணெயை மண்ணில் கொட்டாதீர்கள். சட்டப்படி அது அபாயகரக் கழிவு, உங்கள் ஊரின் ஓடைகள்தான் கீழே பலருக்குக் குடிநீர். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.